ஐந்து வேலை மெஷினும் மச்சினனின் தோளும்

வாங்கினால் இழைப்பு மெஷின்தான் என்று சொல்லிச் சொல்லித் தச்சருக்கு வாய் வலித்துவிட்டது. பட்டறையில் அவருக்குக் கூட்டாளி, மனைவியின் தம்பி. அவன் காதில் போட்டுக்கொண்டால்தானே. அவனுக்கு வேண்டியது ஐந்து வேலையையும் ஒன்றே செய்யும் மெஷின். அறுக்கும், இழைக்கும், துளை போடும், இன்னும் என்னென்னவோ செய்யும். கையிலிருந்த சேமிப்போ ஒரு மெஷினுக்கு மேல் தாங்காது.

"மாப்ள, எல்லா வேலையும் தெரியும்னு சொல்றவன் உருப்படியா ஒரு வேலை செஞ்சு பாத்திருக்கியா?"

"தினமும் உங்களைப் பாக்குறேனே மாமா."

சாப்பாட்டிலும் இதே பேச்சு. "மெஷின் வந்ததும் ரெண்டு பேரும் அதுகிட்டயே சோறு கேளுங்க" என்று மனைவி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விளையாட்டாகவே போயிருந்தால் பரவாயில்லை. இது ஒத்துவராவிட்டால் நாற்காலி கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவதாக மச்சினன் சொல்லிவிட்டான். அவன் போனால் பட்டறை படுத்துவிடும். செய்து முடித்த கதவைத் திருப்பிப் போடக்கூடத் தச்சருக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

கடைசியில், பார்த்துவிட்டே பேசுவோம் என்று மெஷின் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பஞ்சு மாதிரி மரத்தை அறுத்துக் காட்டி ஏமாற்றிவிடுவார் என்று, தச்சர் தம் பட்டறை மரத்தையே கட்டி எடுத்து வந்திருந்தார்.

"இதுல ஒரு முக்காலி செஞ்சு பாத்துடறோம்" என்றார்.

ஒருவர் இழைக்க இழைக்க இன்னொருவர் அடுத்ததை அறுத்துத் தள்ளுவது இருவருக்கும் பல வருடப் பழக்கம். அதே பழக்கத்தில் ஆளுக்கொரு பலகையோடு இரண்டு பக்கமிருந்தும் அந்த ஐந்து வேலை மெஷினை நெருங்கினார்கள். பலகைகள் நடுவில் முட்டிக்கொண்டன.

"ஒரு நேரத்துல ஒருத்தர்தாங்க" என்றார் கடைக்காரர்.

மச்சினன் ஒரு கால் அறுத்தான். அதை இழைக்க வேண்டுமென்றால் ரம்பத்தை இறக்க வேண்டும், பலகை நேராகப் போவதற்கான தடுப்பைக் கழற்ற வேண்டும், மேசையைத் தூக்கி மடக்க வேண்டும். இழைத்து முடித்ததும் எல்லாவற்றையும் பழையபடி மாட்ட வேண்டும். தடுப்பு மயிரிழை விலகி நின்றதில் அடுத்த கால் கோணலாக அறுபட்டது. கையில் பலகையோடு சும்மா நின்ற தச்சருக்குத் தலை கொதித்தது.

"இந்த வேகத்துல உன் பேரன்தான் முக்காலியில உக்காருவான். சீக்கிரம் தூக்குடா."

மச்சினன் இடது கையை மேசைக்கு அடியில் கொடுத்து, இடுப்பால் முட்டித் தள்ளினான். வலது கை மார்புக்கு மேல் எழவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

கோபத்தில் இருப்பவன் கண்ணையும் ஆண்டவன் சில நேரம் பார்க்க வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடுகிறான். இத்தனை நாளும் கைரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தது இந்தத் தோள். தச்சர் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான். அக்காகிட்ட சொல்லிடாதீங்க, அழுவா."

"ரம்ப மெஷின் போதும்னு வாயத் திறந்து கேக்கறதுக்கென்ன?"

"அது எனக்காக மட்டும் கேட்ட மாதிரி ஆயிடும் மாமா. உங்களுக்கும் இழைக்க ஒண்ணு வேணுமில்ல."

தம் இழைப்புக்காக இத்தனை நாள் மல்லுக்கு நின்ற தச்சர், அவன் கை எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"அறுக்க மட்டும் ஒண்ணு காட்டுங்க. உறுதியா இருக்கணும்."

"அப்ப இழைப்பு?" என்றான் மச்சினன்.

"என் ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு. நீ வைத்தியரைப் பாரு."

மச்சினன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். புது ரம்ப மேசையைச் சுற்றிவந்து, விரல்களால் அகலத்தை அளந்தான்.

"மாமா, இது நம்ம பட்டறை வாசல்ல நுழையாது."

"வாசல் நிலையைப் பேத்துடுவோம்."

"அது நீங்க அடிச்ச நிலை. செவுரு வரும், நிலை வராது."

தச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். நிலையைப் பெயர்ப்பதா, மேசையைக் கழற்றிக் கொண்டுபோவதா என்று வீடு வந்து சேரும்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். நாற்காலி கம்பெனியின் பேச்சை மட்டும் இருவருமே எடுக்கவில்லை.