பத்துக் கோத்திரத்துப் பிள்ளைகள்

முதலில் பழியை வேன் மேல் போடத்தான் பார்த்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அலோர் காஜாவில் எங்கள் தமிழ்ச் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்கு இருபத்திரண்டு பிள்ளைகள். டவுன் பிள்ளைகள் எட்டு மணிக்கே அப்பா அம்மாவின் காரில் வந்து இறங்கிவிடுவார்கள். மஸ்ஜித் தானா ஊருக்குப் போகும் வழியில் இருக்கும் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் சபை வேனில் வந்து சேர ஒன்பதே கால் ஆகும். இந்த வருட ஆண்டு விழாவுக்கு இஸ்ரவேல் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்த கதையை நாடகமாகப் போட்டோம். எழுதியதும் பழக்கியதும் நான்தான், ஜெனட் டீச்சர். ஒத்திகை எட்டு மணிக்கு. அதனால் வசனம் உள்ள வேடமெல்லாம் டவுன் பிள்ளைகளுக்குப் போயிற்று. ராஜா, தீர்க்கதரிசி, எருசலேமில் தேவாலயத்தோடு தங்கிவிடும் யூதா ஜனங்கள் எல்லாம் அவர்கள். பிரிந்துபோய்ப் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிடும் பத்துக் கோத்திரம் மொத்தமும் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு வசனமே கிடையாது.

சபையில் யாருக்கும் அது உறுத்தவில்லை. எனக்காவது உறுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் நான் பிறந்ததே அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடு ஒன்றில்தான். அப்பா செம்பனைக் குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். பன்னிரண்டு வயதில் மலாக்காவில் சின்னம்மா வீட்டுக்குப் படிக்கப் போனேன். அதன் பிறகு எந்த ஊர் என்று யார் கேட்டாலும் மலாக்கா என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு சின்னம்மாதான் கல்யாணம் செய்து வைத்தார். மாமியாருக்கும் மலாக்கா என்றே சொன்னோம். என் கணவர் கெவினுக்கு மட்டும் உண்மை தெரியும்.

இன்னொருத்திக்கும் தெரியும், பாட்ரீசியாவுக்கு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அந்தக் காலத்து ஆட்களில் இன்னும் லயத்தில் இருப்பது அவள் குடும்பம் மட்டும்தான். சபையில் பார்க்கும்போது மற்றவர்களைப் போலவே அவளும் என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுவாள். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை.

அவளுடைய மகள் ரேச்சல், பத்து வயது. ஒத்திகை தொடங்கிய வாரமே என்னிடம் வந்து நின்றாள்.

"டீச்சர், அகியா தீர்க்கதரிசி நான் செய்யவா? புது அங்கிய பன்னெண்டா கிழிச்சு பத்து துண்ட குடுப்பார்ல, அந்த வசனம் எல்லாம் எனக்கு மனப்பாடம்."

"உங்க வேன் லேட்டா வருதுலா, ரேச்சல். அடுத்த வருசம் பாக்கலாம்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அப்படிச் சொல்லி அனுப்பியதில் எனக்கு அன்று ஒரு கூச்சமும் வரவில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சாலொமோன் ராஜா செத்த பிறகு ஜனங்கள் அவன் மகன் ரெகொபெயாமிடம் வருகிறார்கள். உங்கள் அப்பா வைத்த சுமை தாங்க முடியவில்லை, கொஞ்சம் இறக்கி வையுங்கள் என்று கேட்கிறார்கள். அவன் மூன்று நாள் தவணை வாங்கிக்கொண்டு, கடைசியில் இன்னும் கூட்டுவேன் என்கிறான். பத்துக் கோத்திரம் பிரிந்து போய்விடுகிறது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் ராஜ்யம் பிழைத்திருக்கும் என்று ஆறு வாரம் நான் பாடம் எடுத்தேன். அடுத்தவன் முட்டாள்தனத்தைச் சொல்லிக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரி.

ஆண்டு விழா நன்றாகத்தான் போனது. நான் மைக்கைப் பிடித்து ஓரமாக நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அட்டைப் பெட்டியில் பொன் காகிதம் ஒட்டிய கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ரேச்சல் முதலில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். மற்ற பிள்ளைகளும் அப்படியே விழுந்தார்கள். முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது.

"இவங்களுக்கு நான் சொல்லியே குடுக்கலலா! மாரியம்மன் திருவிழாவுக்குப் போயி போயி நல்லாவே பழகிட்டாங்க!"

மண்டபமே அதிர்ந்தது. தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் பக்கத்து வீட்டாரோடு திருவிழாவுக்குப் போய் அன்னதானத்தில் பரிமாறுகிறார்கள் என்று டவுன்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான். நான் அதை மைக்கில் சொல்லிவிட்டேன். பின் வரிசைகளில் இருந்த தோட்டத்துக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ரேச்சல் தலையைத் தூக்கி, என்னைப் பார்க்காமல், பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு வேன் காலியாக வந்தது.

"ஒருத்தரும் ஏறல டீச்சர்" என்றார் வேன் ஓட்டும் தேவன் அண்ணன். "ஹார்ன் அடிச்சிக்கிட்டே நின்னேன். பழைய ஸ்கூல் கட்டடத்துல அவங்களே ஜெபம் வச்சிக்கப் போறாங்களாம்."

கோபம் ஆறினால் வருவார்கள் என்று கமிட்டித் தலைவர் பால்ராஜ் அங்கிள் சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். நான் பிறந்த வீட்டைத் தாண்டும்போதுகூடத் தலையைத் திருப்பவில்லை, அவ்வளவு பழக்கம். பாட்ரீசியா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வா ஜெனட்" என்றாள். அந்தக் குரலில் என் பெயரைக் கேட்டு எத்தனையோ வருடம்.

"மன்னிச்சிரு பாட்ரீசியா. என் வாய்க்கொழுப்பு. ஞாயித்துக்கெழம எல்லார் முன்னுக்கும் மன்னிப்பு கேக்குறேன்."

"டவுன்காரவங்க பேசறதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போச்சு. அவங்க சொல்லியிருந்தா நான் வேன்ல ஏறியிருப்பேன்." ஒரு பள்ளிச் சட்டையை உதறி மடித்தாள். "நீ சொன்னதுதான் தாங்கல. சின்னப்ப அந்தத் திருவிழாவுக்கு உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போனது எங்கப்பாடி."

மடித்த சட்டையைக் கூடையில் வைத்தாள்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு செய். நானும் அந்த லயத்துல பொறந்தவதான்னு அதே மைக்குல சொல்லு. டீச்சரே நம்ம ஆளுதான்னு தெரிஞ்சா எம்பிள்ள நிமிந்து உக்காருவா. எல்லாரையும் நானே வேன்ல ஏத்திக் கூட்டிட்டு வரேன். சொல்ல முடியலன்னா பரவால்ல, நாங்க இங்கயே இருந்துக்குறோம்."

"சொல்றேன்" என்றேன். சத்தியமாக அப்போது சொல்லத்தான் நினைத்தேன்.

கெவினும் சொல் என்றார். "அம்மா ஒரு மாசம் மூஞ்சத் தூக்கி வச்சிருப்பாங்க. அவ்வளவுதானே?" அவ்வளவுதான். எனக்குச் சாக்குச் சொல்லக்கூட ஒன்றும் மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் நிறைய வந்தார்கள். வழக்கம்போல் பின் வரிசைகளில் உட்கார்ந்தார்கள். பாட்ரீசியாவின் பக்கத்தில் ரேச்சல், தலை படிய வாரி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அறிவிப்பு நேரத்தில் நான் மைக்கை வாங்கினேன். அன்று நான் பேசியது தவறு, மனதார மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அதுவரை தடங்கலில்லை. முன் வரிசையில் மாமியார் ஆராதனை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பால்ராஜ் அங்கிள், அவருக்கும் பக்கத்தில் எனக்குத் தினமும் வணக்கம் சொல்கிற முகங்கள்.

"நானும்..." என்று தொடங்கினேன்.

பாட்ரீசியா இருக்கையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள்.

"நானும், நாம எல்லாருமே, தோட்டத்து மக்கள இன்னும் அன்பா நடத்தணும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது, திருத்திச் சொல்ல நேரமும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பாட்ரீசியா எழுந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. ரேச்சலின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் ஒவ்வொரு வரிசையாக எழுந்து வெளியே போனார்கள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. ரெகொபெயாமாவது மூன்று நாளில் கெடுத்தான், எனக்கு ஐந்து நாள் கொடுத்திருந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் பால்ராஜ் அங்கிள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"போறவங்க போகட்டும்மா. உனக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு! நம்ம டவுன் ஆளுங்க வேற யாரு இவ்வளவு இறங்கிப் பேசுவாங்க?"

பக்கத்தில் மாமியார் பெருமையாக நின்றார்.

"தேங்க்யூ அங்கிள்" என்றேன்.