மஞ்சள் தண்ணீர் போன வழி

கீழத்தெருவின் கடைசி வீடு பாஞ்சாலியுடையது. மண் சுவர், புல் கூரை. மண் சுவர் மேலே நனைந்தால் பிழைத்துக்கொள்ளும், வெயில் பட்டதும் காய்ந்துவிடும். அடியில் நனைந்தால்தான் ஆபத்து. திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது தண்ணீரை மேலே இழுக்கும். அடிமண் இளகியதும் கூரையின் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். போன ஐப்பசி மழையில் வீட்டுக்குள் நின்ற தண்ணீர் சுவரில் முழ உயரத்துக்குக் கறை விட்டிருந்தது. இன்னொரு மழைக்காலத்தை அந்தச் சுவர் பார்க்காது.

தண்ணீர் பின்னாலிருக்கும் ஓடையிலிருந்து ஏறி வருகிறது என்பது பாஞ்சாலியின் நம்பிக்கை. புருஷன் இருந்தபோதே வீட்டுக்குப் பின்னால் இருவருமாக ஒரு மண்கரை போட்டார்கள். அவன் போன பிறகும் வருஷாவருஷம் அதை அவள் ஒருத்தியாக உயர்த்தி வந்தாள். கரை உயர உயர, வீட்டில் நின்ற தண்ணீரும் உயர்ந்தது. ஓடை கெட்டுப்போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்து ஆடியில் பஞ்சாயத்து போர்டு ஓவர்சியர் காரிமங்கலத்திலிருந்து சைக்கிளில் வந்தார். கீழத்தெருவுக்குக் கால்வாய் வெட்ட உத்தரவாகியிருக்கிறதென்றும், எந்த வழியாக வெட்டுவதென்று தெருக்காரர்களே பேசி சாம்பலில் கோடு போட்டு வைக்க வேண்டுமென்றும் சொன்னார். மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் ஆட்களோடு வருவார். கோடு இல்லாவிட்டால் ஆட்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

கோடு அன்றைக்கே போட்டாயிற்று. தெருவின் நடுவே நேராக. ஆனால் கோவிந்தம்மாள் தன் வாசலுக்கு நேரே வந்ததைக் காலால் தேய்த்து எதிர்ப்பக்கம் தள்ளினாள். அவளுடைய மாடுகள் இடறுமாம். எதிர்வீட்டு மாதேஸ்வரன், வண்டி திரும்ப இடமில்லை என்று அதைக் களத்துப் பக்கம் தள்ளினார். ஊரில் நாலு வண்டி வைத்திருப்பவர் சொன்னால் யார் மறுப்பது? பாஞ்சாலியும் சும்மா இருக்கவில்லை. கால்வாய் தன் வீட்டை நெருங்கக் கூடாது, கரையை யாரும் தொடக் கூடாது என்று தன் பங்குக்குத் தேய்த்தாள். கடைசியில் கோடு தெருவை விட்டுக் களத்துப் பாறைமேல் ஏறி நின்றது.

"இந்தக் கால்வாயில தண்ணி போவணும்னா, அதுக்கும் ஒரு ஜோடி மாடு கட்டணுங்க," என்றான் பொரிகடலை விற்கும் ஆண்டி. யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு பாஞ்சாலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேழ்வரகு திரிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். மேற்கே மேகம் கறுத்தால் கரைக்கு ஓடுவாள். காற்று சாம்பல் கோட்டைக் கலைத்துக்கொண்டிருந்தது. திரும்பப் போட யாரும் வரவில்லை.

திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீர். ஒவ்வொரு வாசலிலும் அண்டா நிறைய மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து வைத்திருப்பார்கள். கரகம் எந்த வாசலுக்கு வருகிறதோ அந்த வீட்டுப் பெண்கள் தூக்குபவரின் காலில் குடம் குடமாக ஊற்றுவார்கள். மிச்சத்தை முறைக்காரர்கள்மேல் கொட்டுவார்கள். அந்த வருஷம் ஆண்டிக்கு அத்தை மகள்கள் அத்தனை பேரும் சேர்ந்து அபிஷேகம் செய்தார்கள்.

கரகம் போன பிறகு பாஞ்சாலி வழக்கம்போல் கரையைப் பார்க்கப் போனாள். கரையின் உள்பக்கம், வீட்டை ஒட்டி, மஞ்சளாகத் தண்ணீர் நின்றது. வேப்பிலை மிதந்தது. கரைக்கு அந்தப் பக்கம் ஓடை காய்ந்து கிடந்தது.

அவள் அங்கேயே நின்றாள். மழை எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில்தான் விழுகிறது. யார் வாசல் தண்ணீர் எங்கே போகிறதென்று அதில் தெரியாது. இது தெருவில் மட்டும் ஊற்றிய தண்ணீர். பார்வைக்குச் சமமாக இருந்த தெரு, கோயிலிலிருந்து இங்கே வரை மெல்லச் சரிந்திருக்கிறது. ஓடைக்குப் போக வந்த தண்ணீரை அவள் கரைதான் மறித்து வீட்டுக்குள் திருப்பியிருக்கிறது.

கரையை வெட்டினால் சரியாகிவிடும். ஓடை நிஜமாகவே ஏறி வந்தால்? ஆனால் ஆடிக்காற்றில் மஞ்சள் தடம் காய்ந்துகொண்டிருந்தது. அரை நாழிகையில் புழுதி மூடிவிடும். அவள் தெருவுக்கு ஓடிப்போய் கோவிந்தம்மாளின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"எங்க வூட்டுத் தண்ணியா இது?" என்று கோவிந்தம்மாள் குனிந்து பார்த்தாள். "இத்தனை வருசமா உன் வூட்டுக்குள்ளதான் ஊத்திக்கிட்டிருந்தனா?"

"நான் மட்டும் என்னவாம்க்கா. வழிய அடைச்சு வெச்சது நான்தான்."

சேதி கேட்டு மாதேஸ்வரன் வந்தார். தடத்தைப் பிடித்துக்கொண்டு கோயில் வரை நடந்தார். அது அவர் வாசலை ஒட்டித்தான் வந்தது.

"வண்டி திரும்பறதுக்கு என்னங்க பண்றது?" என்று ஆண்டி கேட்டான். உடம்பெல்லாம் இன்னும் மஞ்சள்.

"கல்லுப் பலகைக்கா இந்த ஊர்ல பஞ்சம்? மேல போட்டு மூடிக்கறேன். போயி சாம்பல் எடுத்தாடா."

அவரவர் அடுப்புச் சாம்பலை அவரவர் முறத்தில் கொண்டுவந்து, அவரவர் வாசலுக்கு நேரே, ஈரம் காயுமுன் மஞ்சளின்மேல் தூவினார்கள். யாரும் காலால் தொடவில்லை. கோடு பாஞ்சாலியின் அவரைப் பந்தலைத் தாண்டிக் கரையில் முட்டி நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் பந்தல் காலைப் பிடுங்கிப் போட்டாள். மண்வெட்டியை எடுத்து, புருஷனோடு முதன்முதலில் மண் கொட்டிய இடத்திலேயே கரையை வெட்டினாள். மஞ்சள் தண்ணீர் ஒரு கணம் தயங்கி, வேப்பிலைகளை இழுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது.

மறுநாள் ஓவர்சியரின் ஆட்கள் பாதித் தெரு வெட்டியிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. பாஞ்சாலி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தாள். சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மறுபடியும் வைத்துப் பார்த்தாள். பிறகு கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் போனாள். வெட்டிய மண்ணை அவள் வாரிப் போடவில்லை. ஓடை ஏறி வந்தால் உடனே அடைக்க, கரையில் வெட்டிய வாய்க்குப் பக்கத்திலேயே குவித்து, மழையில் கரையாமல் மேலே கூடை கவிழ்த்து வைத்திருந்தாள். அதன் அருகில் மண்வெட்டியோடு நின்று, தெருத் தண்ணீர் இறங்குவதையும் ஓடை ஏறுவதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.