புளியமரத்துக்கு ஒரு வாய்தா

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு எரிச்சலில்தான் கிடைத்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து லால்குடிக்கு, தங்கை பேரனின் காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வரிசையாக வெட்டிக்கொண்டு வந்தார்களாம். கடைசி மரத்தில் ஒரு பெண் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாளாம்.

"நல்ல நேரம் போகுதே, இவளுக்கு வேற நாளே கிடைக்கலையா?" என்று வாய்விட்டே திட்டினேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு கால்கள் தொங்கின. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

இன்னொரு செருப்பு எங்கே போயிருக்கும் என்ற யோசனையில் காதுகுத்தே மறந்துவிட்டது. (கதை எழுதுகிறவர்களை வீட்டில் யாரும் மதிக்காததற்குக் காரணம் இருக்கிறது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அனலில் தகிக்கும் பூமித்தாயின் கண்ணீரைத் துடைக்கப் புறப்பட்டாள் ஒரு வீரமங்கை, அவள் விழிகளில்—"

சகிக்கவில்லை. அடித்தேன்.

அடுத்து: "புவி வெப்பமடைதல் குறித்த ஆய்வுகளின்படி—" இது கதையா, பரீட்சைப் பேப்பரா?

பிறகு அவளுக்கு ஒரு பெயர் வைத்தேன். ஆன்சி. பெயர் வைத்ததும் பிழைத்துக்கொண்டாள். பி.எட். முடித்தவள். சயின்ஸ் டீச்சர் வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் சரிபார்ப்புக்காகக் காத்திருக்கிறவள். அந்த மரத்தடிதான் அவள் ஊர் பஸ் ஸ்டாப். "வருஷா வருஷம் வெயில் ஏறிக்கிட்டே போகுது, நீங்க நிழலை இறக்கிக்கிட்டே வர்றீங்க!" என்று மேலேயிருந்து கத்தினாள்.* கடைசியில் தீயணைப்புக்காரர்கள் ஏணி போட்டு இறக்கினார்கள். அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாக அவள்மேல் வழக்கு.

* இந்த வசனத்தின் மேல் எனக்கே சந்தேகம். மரத்தில் உட்கார்ந்திருக்கிறவள் இவ்வளவு கோர்வையாகவா பேசுவாள்? ஆன்சியையே கேட்டேன். "இல்ல மேடம், 'ஐயோ எறும்பு கடிக்குது'ன்னுதான் கத்தினேன்" என்றாள். இருக்கட்டும், இரண்டும் இருக்கட்டும்.

3

அம்மா இல்லாமல் கதை நகராது. பாக்கியமேரியைக் கொண்டுவந்தேன். லால்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அவளும் அதே மரத்தடியில்தான் பஸ் ஏறுகிறாள். மகள்மேல் கேஸ் என்றதும் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று எழுதப் பார்த்தேன். மசியவில்லை.

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்பாங்க. இவ வாக்கப்படாமலே ஏறிட்டாளே!" என்றாள்.

வக்கீல் ஆசாத் நல்ல மனிதர். கோர்ட் வாசலில் வைத்து ஆன்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். "ஜட்ஜம்மா கேட்டாங்கன்னா, 'ஆமாங்கம்மா, தெரியாம செஞ்சிட்டேன்'னு சொல்லிடும்மா. சின்ன ஃபைனோட இன்னைக்கே முடிஞ்சிரும். அந்த உத்தரவை வெச்சு நான் வேலைக்குப் பேசிப் பார்க்கிறேன். இல்லேன்னா கேஸ் இழுத்துக்கிட்டே போகும். உனக்காக வேலை காத்துக்கிட்டிருக்காது."

"தெரிஞ்சுதானே சார் ஏறினேன்?"

"அது எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சொல்லிட்டு வாம்மா."

பாக்கியமேரி மகளின் கையைப் பிடித்தாள். "சர்ச்சுல சாமியார்கிட்ட பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றேல்ல? அந்த மாதிரி நெனச்சுக்கடி."

"செஞ்சதுக்கு மனசார வருந்தணும், அந்த மனஸ்தாபம் இல்லாம பாவசங்கீர்த்தனம் பண்ணினா அதுவே இன்னொரு பாவம்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரும்மா?"

பாக்கியமேரி மகளின் கையை விட்டாள். புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, மகளை உட்காரவைத்து ஜெபமெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே.

4

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். (மறக்கவில்லை. எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தேன்.) அந்த மரத்தை இன்னும் வெட்டவில்லை.

வரிசையில் மற்றதெல்லாம் போய்விட்டது. அது மட்டும் நிற்கிறது. காரணம், மரம் வெட்டும் மேஸ்திரி காத்தான். "அது கேஸ்ல இருக்கிற மரம்ங்க. போலீஸ்காரங்க படம் வரைஞ்சுக்கிட்டுப் போயிருக்காங்க. கேஸ் முடியுறதுக்குள்ள ரம்பத்தை வெச்சா என் தலையிலதான் விடியும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

அப்படிச் சட்டம் இருக்கிறதா என்று ஆசாத்திடம் கேட்டேன். "கிடையவே கிடையாது மேடம்" என்றார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஆனா அவர்கிட்ட யாரும் போய்ச் சொல்லாதீங்க" என்றார்.

ஆகவே ஆன்சி 'தெரியாம செஞ்சிட்டேன்' என்றால், கேஸ் முடியும், வேலைக்கு வழி பிறக்கும், மரம் விழும். மாட்டேன் என்றால் மரம் நிற்கும், வேலை போகும். முடிச்சைப் போட்டவள் நான்தான். அவிழ்க்கத் தெரியாமல் சித்திரை வீதி வீட்டில் ஃபேனுக்கடியில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

5

முடிவு ஒன்று: ஒப்புக்கொள்கிறாள். வேலை கிடைக்கிறது. முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போக, மொட்டை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். எழுதிவிட்டேன். எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

முடிவு இரண்டு: மறுக்கிறாள். கோர்ட்டே எழுந்து கைதட்டு— எந்த ஊர்க் கோர்ட்டில் கைதட்டுவார்கள்? அடித்தேன்.

முடிவு மூன்று: "ஜட்ஜம்மாவின் கண்கள் கலங்கின. 'குழந்தாய்—'" சீச்சீ.

ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு இந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுக்கு அந்த வேலையும் வேண்டும், அந்த மரமும் வேண்டும். பஸ்ஸில் நான் திட்டியதை அவளிடம் சொன்னபோதுகூட, "காது குத்தினாங்களா மேடம், பாப்பா அழுதானா?" என்றுதான் கேட்டாள்.

6

கோர்ட்டில் ஆன்சியின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். போய் நின்றாள்.

"மரத்துல ஏறினது உண்மையா?"

"உண்மைங்கம்மா."

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?"

ஆசாத்தின் உதடுகள் சத்தமில்லாமல் 'தெரியாம' என்று அசைந்தன. ஆன்சி திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

கடைசி பெஞ்சிலிருந்து பாக்கியமேரி எழுந்தாள். "அம்மா, எம் பொண்ணுக்கு ஒரு வாய்தா குடுங்கம்மா."

(கோர்ட்டில் இப்படி நடுவில் எழுந்து பேசக் கூடாது. பாக்கியமேரியிடம் சொன்னேன். கேட்கவில்லை.)

"அம்மா, வேலை..." என்றாள் ஆன்சி.

"போனாப் போகுதுடி. உனக்கு மனஸ்தாபம் இல்லேன்னு எனக்குத் தெரியும். நானே உன்னைப் பொய் சொல்லச் சொல்லவா?"

வாய்தா கிடைத்ததா? கிடைக்காவிட்டால் ஆன்சி என்ன சொன்னாள்? ஜட்ஜம்மா இன்னும் வாய் திறக்கவில்லை. திறக்க நான் விடவில்லை. இதுநாள்வரை எனக்கு இருந்த ஒரே அதிகாரம் இதுதான், அதை இங்கே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் லால்குடி போனேன். அந்த ஸ்டாப்பில் பஸ் நின்றது. கிளை பிரிகிற இடத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. அது நான் எழுதி வைத்ததா, உண்மையிலேயே இருந்ததா என்று கேட்காதீர்கள். ஆன்சி சொல்ல வேண்டியது உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். ஆனால் நிதானமாகச் சொல்லுங்கள். நிழலில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.