வேண்டாமென்று விட்ட மறுசவாரி

ராய்ஸ் டாக்கெட்டின் பெயரை ஓக்லஹோமா காளைச்சவாரிப் புகழ் மண்டபத்தில் பதிக்கப் போகிறார்கள் என்றதும் நான்தான் முதலில் சந்தோஷத்தில் குதித்தேன். ஆறு வருஷம் ஒரே வண்டியில் ஊர் ஊராகச் சவாரிப் போட்டிக்குப் போனவர்கள் நாங்கள். மண்டபத்து வழக்கப்படி, பதிக்கப்படுபவனை அவனோடு பயணம் போன கூட்டாளிதான் மேடையில் நின்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம். இரும்புக் குழாய் வேலி பற்றவைத்த கை எரிச்சலோடு, இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். சாப்பாட்டு வரிசையில் பீபி கிழவர் என்னைப் பிடித்துக்கொண்டார். போட்டிகளுக்குக் காளை கொடுப்பவர் அவர்.

"டேய் டெல்பர்ட், சாகறதுக்குள்ள ஒன்னு கேட்டுடறேன். அந்த ஃபைனல் போட்டில மறுசவாரி ஏன்டா வேண்டாம்னே?"

"அந்த டீக்கன் பய மேல மறுபடி ஏற நான் என்ன பைத்தியமா, ஐயா?"

"டீக்கனா? அது அன்னிக்கு என் மேய்ச்சல்ல நொண்டிக்கிட்டு நின்னுச்சே! உனக்கு எடுத்து வெச்சது பட்டர்மில்க்."

இறைச்சித் தட்டை அப்படியே மேஜையில் வைத்தேன்.

பதினாலு வருஷத்துக்கு முந்தின சங்கதி. என் காளை பாதியில் தடுமாறி முட்டி போட்டது. எட்டு நொடி தாங்கியும் எழுபத்தாறு புள்ளிதான் விழுந்தது. அதை விட்டுக்கொடுத்தால் வேறு காளையில் மறுசவாரி உண்டு என்றார் நடுவர். உடனே பதில் சொல்ல வேண்டும். எந்தக் காளை என்று எழுதிய சீட்டு கூண்டுகளுக்குப் பின்னால் தொங்கும். கூண்டு மேல் உட்கார்ந்திருந்த ராய்ஸ் எட்டிப் பார்த்துக் கத்தினான்: "டீக்கன்டா! விட்டுடு!"

அமரில்லோவில் என் மூன்று விலா எலும்பை முறித்த காளை டீக்கன். தலையை ஆட்டினேன், வேண்டாமென்று. அடுத்து ஏறிய ராய்ஸுக்கு எழுபத்தேழு. அந்த வருஷத்துச் சாம்பியன் பெல்ட் பக்கிள் அவன் இடுப்புக்குப் போனது. நான் போய்ச் சீட்டைப் பார்க்கவில்லை. காளையைப் பற்றிக் கூட்டாளி சொன்னதைச் சரிபார்ப்பது அவன் முகத்தில் துப்புவது மாதிரி. எங்களில் யாரும் செய்ய மாட்டோம்.

பட்டர்மில்க் கதவு திறந்ததும் இடப்பக்கமாகப் பம்பரம் போலச் சுற்றும். நான் இடக்கைக்காரன்; என் பிடிக்கென்றே பிறந்த மாதிரிக் காளை அது.

ராய்ஸ் மேடைக்குப் பின்னால் கண்ணாடி பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"வாடா மாப்பிள்ளைத் தோழா! என் வண்டவாளத்த ரொம்ப அவுத்து விடாத."

"அன்னிக்குச் சீட்டுல என்ன பேருடா இருந்துச்சு?"

அவன் கை தொப்பியிலேயே நின்றது. என்றைக்கு என்று கேட்கவில்லை.

"பீபி உளறிட்டானா?"

"பேரச் சொல்லு."

"பட்டர்மில்க்." குரல் இறங்கிவிட்டது. "என் முட்டி போயிடுச்சுடா. அதான் எனக்குக் கடைசி வருஷம். நீ சின்னவன், அடுத்த வருஷம் வாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

அடுத்த வருஷம் என் தோள் நொறுங்கியது; அதோடு என் சவாரியும் முடிந்தது. வண்டியில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை அழுதவன் இவன்தான்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே, ராய்ஸ்."

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும்.

"இன்னிக்கு மட்டும் கூப்பிடுடா," என்றான். "என் பேத்திங்க முன்வரிசையில இருக்காங்க."

மேடை ஏறினேன். இருநூறு தொப்பிகள் என்னைப் பார்த்தன. இரண்டு சின்னப் பெண்கள் புது பூட்ஸ் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்தேன்.

"அன்னிக்கு ராய்ஸ் எட்டு நொடி ஒழுங்கா உக்காந்தான். அந்த எழுபத்தேழு அவன் சம்பாதிச்சது. ஆனா மறுசவாரிக்கு எனக்கு வந்த காளை பட்டர்மில்க். டீக்கன்னு பொய் சொன்னான். இவனக் கூப்பிட ஒரு கூட்டாளி வேணும். நான் இல்ல."

பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தேன். வண்டியைக் கிளப்பும்வரை உள்ளே ஒரு கைதட்டலும் கேட்கவில்லை.