காரணம்: மனைவியின் கல்லீரல்

"சம்சாரம் இருக்காங்களா?"

"இருக்கா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உடம்பு எப்படி?"

"எனக்கா?"

"அவங்களுக்கு."

"அவளுக்கென்ன, எருமை மாதிரி இருக்கா. ரெண்டு மூட்டை ஆரஞ்சுத் தோலைத் தனியாளாத் தூக்குவா. என்ன, அப்பப்ப வலது பக்கம் விலாவுல வலிக்குதும்பா."

"வலது பக்கம். எவ்வளவு நாளா?"

"ஏம்மா, நீ கேசினோ ஆளா, நர்ஸா?"

"இந்தக் கட்டத்துல ஏதாவது எழுதணும் சார். எழுதினாத்தான் சிப் வரும்."

"அப்ப எழுது. ஆபரேஷன்னு போடு. பெரிய ஆபரேஷனாப் போடு, தொகைக்குப் பொருத்தமா இருக்கட்டும். அவ என்ன இதைப் படிக்கவா போறா?"

1

மேலே உள்ளதில் ஒரு சொல்லைக்கூட நான் கற்பனை செய்யவில்லை. இந்தக் கதை ஒரு படிவத்தின் நான்காவது கட்டத்திலிருந்து வந்தது. மக்காவ் என்ற சூதாட்ட நகரில் ஒரு கேசினோவின் மூன்றாம் மாடியில், பெரிய தொகை ஆடுபவர்களின் தனியறைக்கு வெளியே ஒரு மேசை இருந்தது. கைப்பணம் தீர்ந்தவர்கள் அங்கே வந்து கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, ஆட்டக் காசான சிப்களை அள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள். பெயர், அடையாள எண், தொகை, காரணம். நான்கு கட்டங்கள்தான். காரணத்தில் 'சூதாட' என்று எழுதக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆட வருகிறவர்களின் சொந்த ஊரில், சூதாட்டக் கடனை எந்த நீதிமன்றமும் கடனாக மதிப்பதில்லை. ஆகவே வேறு காரணம் வேண்டும். மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் வேலை அதை எழுதுவது.

அவளுக்கு இயோக் ஹா என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் என்னுடையது அல்ல; மேசை என்னுடையது.

மூன்று முறை 'நான்' என்று தொடங்கிப் பார்த்தேன். இரண்டாவது பத்தியிலேயே அந்த 'நான்' மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுகிறாள். 'அவள்' என்றால் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்பாள்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

கதவில் சிவப்புப் பெயின்ட் வழிந்துகொண்டிருந்தது. கழுத்தில் பச்சை குத்திய இருவர்—

(இல்லை. கடனைக் கேட்டுக் கதவில் பெயின்ட் ஊற்றும் அடியாட்களை நானும் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் வசூல்காரர் கெங் அரைக்கைச் சட்டை போட்டவர், சர்க்கரை வியாதிக்காரர். அழைப்பு மணியை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி வாசலில் நேராக வைத்துக்கொண்டு காத்திருப்பார். கையில் ஒரு டப்பா பாதாம் பிஸ்கட் இருக்கும்.)

மிரட்டாமல் வசூலிப்பது எப்படி என்று கெங்கிடம் கேட்டால்—

(யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்வார். "குரலை உசத்தினா போலீஸ் வரும். மரியாதை குடுத்தா யாரு வருவா?" என்பார். கடன்பட்டவனை 'அண்ணே' என்றும் அவன் மனைவியை 'அண்ணி' என்றும்தான் கூப்பிடுவார். இன்றும் யாராவது யாரையாவது 'அண்ணி' என்று அழைத்தால், கையில் பிஸ்கட் டப்பா இருக்கிறதா என்று பார்க்கிறேன்.)

3

காரணம் எழுதுவதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதலாம் என்று இருந்தேன். கட்டுரையாக வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் மாதம் எல்லோருக்கும் 'வியாபாரத் தேவை' என்றே எழுதினாள் இயோக் ஹா. கெங் நாற்பது படிவங்களைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"நாப்பது பேரும் வியாபாரியா? நீதிபதி சிரிச்சிட்டாரு தாயி. மேசைக்கடியில தினம் நாவல் படிக்கிறியே, எதுக்குப் படிக்கிற? ஒரு பொய் சொல்லத் தெரியல."

அது அவளைச் சுட்டது. அவள் படித்ததெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். பனி பெய்யும் ஊர்கள், ரயிலைத் தவறவிட்டவர்கள், மனைவிக்கு மருந்து வாங்கக் கம்பளிக் கோட்டை விற்கும் கணவன்மார்கள். அந்த ஊர்கள் எதற்கும் போகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நான்காவது கட்டத்துக்குள் யாரும் அவளைத் தடுக்கவில்லை. மீன்பண்ணையில் நோய் விழுந்தது. அப்பாவின் கல்லறையை வெள்ளம் கொண்டுபோனது. தம்பியின் கல்யாணத்துக்கு முந்தின நாள் சமையல் கொட்டகை எரிந்தது. ஆட்டக்காரர்களே ரசித்தார்கள். ஒருவர் தன் காரணத்தைப் படித்துக் கண் கலங்கி, அதே சூட்டில் உள்ளே போய் எல்லாவற்றையும் தோற்றுவிட்டு வந்தார்.

ஃபோங் டக் மிங்குக்கு எழுதியது இது. (முதலில் பேசினாரே, அவர்தான்.) பன்னிரண்டு லட்சம் ஹாங்காங் டாலர்.

'மனைவி லாய் குவானுக்குக் கல்லீரலில் கட்டி. வலது விலாவின் கீழ் ஆறு மாதமாக வலி. உடனடி அறுவை சிகிச்சைக்காக. மனம் உடைந்துவிடக் கூடாது என்று மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.'

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. சட்டத்துக்கு அது வேண்டாம், கெங் கேட்கவில்லை, டக் மிங் படிக்கவும் இல்லை. கட்டத்தில் ஒரு வரிக்கு இடம் மிச்சமிருந்தது, எழுதினாள். எழுதியபோது டக் மிங் மீது அவளுக்கு லேசாக அன்புகூட வந்தது.*

\* இந்த இடத்தில் வாசகர் அவளை வெறுக்கலாம். நான் தடுக்க மாட்டேன்.

கெங் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். "பலே! பொண்டாட்டி வைத்தியத்துக்கு வாங்கின கடன்னா அது குடும்பக் கடன். அவளும் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், கடை, வீடு ரெண்டும் கைக்குள்ள வரும். நீ தெரிஞ்சுதான் எழுதினியா?"

தெரியாது. தெரிந்தபோது, அவர் கொடுத்த முட்டை டார்ட் பலகாரத்தில் பாதியை வாயில் வைத்திருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

4

டக் மிங் பணம் கட்டவில்லை. ஊரிலும் இல்லை, வடக்கே வேலை தேடிப் போயிருப்பதாகத் தகவல். கெங் இயோக் ஹாவைக் கூட்டிக்கொண்டு எல்லையைக் கடந்து, டக் மிங்கின் ஊரான சின்ஹுய்க்குப் பேருந்து ஏறினார். பெண் கூட வந்தால் பெண் கதவைத் திறப்பாள் என்பது அவர் கணக்கு.

"மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்க? துக்கத்துக்கா போறோம்?"

"அவங்க 'எனக்கு ஆபரேஷனே நடக்கல'ன்னு சொல்லிட்டா?"

"கத்துவா, புருஷனைத் திட்டுவா, அழுவா. நான் டீ குடிப்பேன். அப்புறம் பெரியவங்க மாதிரி உக்காந்து பேசி முடிப்போம். எத்தனை பாத்திருக்கேன்."

லாய் குவான் கடை வாசலில் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலை மூன்று இதழாகக் கீறி உரித்துக்கொண்டிருந்தாள். தெருவெல்லாம் தோல் காய்ந்தது; அந்த ஊரில் அது மருந்துச் சரக்கு, பழசாகப் பழசாக விலை ஏறும். உள்ளே சுவரோடு சுவராகக் கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் வருடம் எழுதிய சீட்டு.

"அண்ணி, நாங்க டக் மிங் அண்ணனோட சிநேகிதங்க."

"அவருக்கு சிநேகிதங்க இருக்காங்களா? உக்காருங்க, பாத்துக்கறேன் எப்படி இருப்பாங்கன்னு." சிரித்தாள். டீ போட்டாள்.

"என்ன வாசனை! எத்தனை வருஷத்துத் தோல் அண்ணி?"

"பதினாலு."

"இந்த மாதிரி எத்தனை ஜாடி இருக்கும்?"

"மேல ஒரு வரிசை இருக்கு."

கெங் தலையசைத்துப் பாராட்டினார். அவர் பாராட்டவில்லை, ஜாடிகளுக்கு விலை போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது இயோக் ஹாவுக்கு இரண்டாவது மிடறில்தான் உறைத்தது. பிஸ்கட் டப்பா கைமாறியது. பிறகு பத்திரம் கைமாறியது.

[இங்கே நான் பேனாவைக் கீழே வைத்து எழுந்து போய்விட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தேன்.]

லாய் குவான் ஈரக் கையைத் துடைத்துவிட்டு நின்றபடி படித்தாள். தொகை வந்த இடத்தில் உதடு அசைந்தது. நான்காவது கட்டத்துக்கு வந்தாள். ஒரு முறை படித்தாள். மறுபடி படித்தாள். கத்துவாள் என்று கெங் டீக் கோப்பையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார்.

அவள் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தாள். வலது கை தானாக விலாவுக்குப் போனது.

"அப்ப அவருக்குத் தெரியும்" என்றாள்.

கெங் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்தேன். ரிப்போர்ட்டை அவர்தான் போய் வாங்கிட்டு வந்தாரு. 'வாயு, ஒண்ணுமில்ல'ன்னாரு. காகிதத்தைக் காட்டல. பஸ்ஸுல விட்டுட்டேன்னாரு." பத்திரத்தைத் தடவினாள். "அதுக்கப்புறம் ராத்திரியெல்லாம் தூங்கல மனுஷன். சூதுக்குப் போறாருன்னு நான் சந்தேகப்பட்டேன். மூஞ்சில காறித் துப்பினேன். எனக்காக அலைஞ்சிருக்காரு."

இயோக் ஹா அன்றைய பேச்சை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிப் பார்த்தாள். 'வலது பக்கம்' என்று டக் மிங் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்! 'ஆபரேஷன்னு போடு' என்று அவனேதானே சொன்னான். 'கல்லீரல்' அவள் போட்டது. 'கட்டி' அவள் போட்டது. அவை அவள் படித்த எந்தப் பனி ஊரிலிருந்து வந்தன? அல்லது அவன் முகத்தில் இருந்ததைப் பார்த்து எழுதினாளா? பொய் என்று நம்பி எழுதியது ஒருவேளை—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.)

கெங் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அண்ணனோட மனசு தங்கம். அண்ணி, இங்க ஒரு கையெழுத்து."

5

முடிவு அ: இயோக் ஹா உண்மையைச் சொல்கிறாள். லாய் குவான் பேனாவை வீசுகிறாள், கடை தப்புகிறது. இதை எழுதி, சக ஊழியை ஒருத்தியிடம் காட்டினேன். "அதுதான் உண்மைன்னு உனக்கெப்படித் தெரியும்? அப்ப அந்த விலா வலி?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: சொல்லவில்லை. கையெழுத்து விழுகிறது. கடையும் போய், வைத்தியத்துக்குக் காசும் இல்லாமல், ஆனால் கணவன் தன்மேல் உயிரையே வைத்திருந்தான் என்ற நம்பிக்கையோடு லாய் குவான்— போதும். கெங்குக்குப் பிடித்த முடிவு இது.

முடிவு இ: டக் மிங் வாசலில் வந்து நிற்கிறான், கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு. மேசைக்கடியில் நாவல் படித்த பெண்ணுக்குத் தோன்றக்கூடிய முடிவு. நிஜத்தில் யாரும் வரவில்லை. வாசலில் தோல்தான் காய்ந்தது.

நடந்ததை நடந்த இடம்வரை எழுதுகிறேன்.

6

பேனா லாய் குவானின் கையில் இருந்தது. முனை தாளைத் தொடவில்லை.

"அண்ணி" என்றாள் இயோக் ஹா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இதை எழுதினது நான்தான்."

கெங் அவளைத் திரும்பிப் பார்த்தார். பாதாம் பிஸ்கட் கடிபட்டது கடிபட்டபடி நின்றது.

லாய் குவான் பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "உன் கையெழுத்தா? முத்து முத்தா இருக்கு."

"அதில்ல அண்ணி. நானா... அந்தக் கட்டத்துல..."

"அவர் கை கிறுக்கலாச்சே, யாரு எழுதினாங்கன்னு அப்பவே பாத்தேன்." முக்காலியை இயோக் ஹாவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் முழங்காலைத் தொட்டது. ஆரஞ்சு எண்ணெய் மணக்கும் விரல்களால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவர் உங்கிட்டதான் என்னைப் பத்திச் சொல்லியிருக்காரு."

"அண்ணி, நேரமாவுது, பஸ்ஸு—" என்றார் கெங்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. கையெழுத்துதானே, போடறேன். எங்கிட்ட சொல்லாததை இவகிட்ட சொல்லியிருக்காரே!"

டக் மிங் சொன்னது உங்களிடம் இருக்கிறது, வாசகரே. முதல் பக்கத்தில், ஒரு வார்த்தை குறையாமல் எழுதிவைத்திருக்கிறேன். அதைப் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை. உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது; என்னுடையதைவிட நன்றாக இருக்கலாம்.

லாய் குவான் பேனாவைத் தாளின் மேல் படுக்க வைத்தாள். மூடவில்லை.

"நீ சொல்லும்மா. என்னைப் பத்தி அவர் வாயால என்ன சொன்னாரோ, அதை அப்படியே சொல்லு."