குடியை விடக் கட்டிய கயிறு

என் கணவர் குமரகுரு ஒரு நாளும் குடித்ததில்லை. ஆனாலும் நெய்துவிட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்தாலே தள்ளாடி விழுகிறார் என்று, அவருடைய அண்ணன் தேவேந்திரன் அவரைக் கோயிலுக்கு இழுத்துப்போய், குடியை விடுவதாகச் சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டிவிட்டார். வாயை முகர்ந்துபார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தள்ளாடியே செத்த மாமனாரையும் இந்தத் தெரு குடிகாரர் என்றுதான் சொன்னது.

நான் அவரைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கே மருந்தை ஊசியில் ஏற்றி இதய நரம்புகளைப் படமெடுத்தார்கள். நரம்புகள் அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு படத்தில் ஒளிரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"தள்ளாட வைக்கிற நோய் இதய நரம்பையும் கெடுத்துடுச்சு. அதான் எழுந்தா ரத்த அழுத்தம் இறங்குது. பரம்பரை நோய்மா, கூடப் பிறந்தவங்களையும் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

ஊர் திரும்பியதும் அந்தப் படத்தைத் தேவேந்திரனின் தறியில் கட்டியிருந்த பட்டுப் பாவின்மேல் வீசினேன்.

"டாக்டருக்கு இன்னா தெரியும்? குடிச்சிக்கினு நடிக்கிறான்!" என்று கத்தியபடி தன் தறிக்குழியிலிருந்து எழுந்தவர், தானும் தள்ளாடித் தறிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

கூட வந்திருந்த கணவர் கையிலிருந்த கயிற்றை அங்கேயே அறுத்தேன்.

அந்தக் கயிற்றோடு தேவேந்திரன் முன்னால் போய், "கையை நீட்டுங்க மாமா" என்றேன்.