வலிக்காத பல்

மனைவி இறந்துபோனதிலிருந்து பஞ்சர் கடைக்காரருக்குத் தீராத பல்வலி. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். டியூபைத் தண்ணீரில் முக்கும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். யாராவது பார்த்துவிட்டால் சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்.

மகளிடமும் அதே கதைதான். வெளியூரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அம்மாக்காரி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்த பெண். அப்பா அழுகிறார் என்று தெரிந்தால் கட்டிய பெட்டியைப் பிரித்துவிடுவாள்.

ஆனால் பல்வலி என்று சொன்னால் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள் என்பதை மட்டும் மனுஷர் யோசிக்கவில்லை.

"பல்லைக் காட்டாம நான் பஸ் ஏற மாட்டேன்ப்பா."

நல்லவேளையாக வாயில் ஒரு சொத்தைப் பல் இருந்தது. அதையே காட்டினார். டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். பிறகு குளிர்ந்த மருந்தில் பஞ்சை நனைத்தார்.

"சில்லுனு பட்டதும் கையைத் தூக்குங்க."

பஞ்சு கிட்டே வருவதற்குள் கை மேலே போய்விட்டது.

"இன்னும் வைக்கவே இல்லீங்களே!"

உண்மையில் வைத்தபோது அவருக்குத் தெரியவே இல்லை. கை மடியிலேயே கிடந்தது.

"உள்ள நரம்பு செத்து ரொம்ப நாளாச்சு. சீழ் ஈறு வழியா வடிஞ்சுட்டே இருக்கு, அதான் வலி இல்ல. இப்படியே விட்டா எலும்பை அரிச்சிடும். வேர் வரைக்கும் சுத்தம் பண்ணி, அடைச்சு, மேல கேப் போட்டுடலாம். புடுங்க வேண்டாம்."

"பஞ்சர் ஒட்டுற மாதிரின்னு சொல்லுங்க," என்று பேச்சை மாற்றப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இந்தப் பல்லு வலிச்சே இருக்காதா டாக்டர்?" என்றாள் மகள்.

"வலிச்சிருக்க வாய்ப்பே இல்லம்மா."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலைக்கு மேலிருந்த விளக்கைப் பார்த்தார்.

மரத்துப்போக ஊசியும் போட்டாயிற்று. மெல்லிய கம்பி வேருக்குள் இறங்கியது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பொய் சொல்ல யாரால் முடியும்? கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது.

மகள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க டாக்டர். அவருக்கு வலிக்குது."

டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் கையை எடுத்தார்.

"நீ... போகணும்மா," என்றார் அவர், மரத்த நாக்கோடு.

"போறேன்ப்பா. நீங்க இப்ப அழுங்க."